மேஜரின் எடை

1990இல் இலங்கையின் வடக்கில் ஒரு இராணுவ முகாம் புலிகளால் சுற்றி வளைக்கப்பட்டிருந்தது. காயப்பட்ட சிப்பாய்களை எடுத்துவரப் போன ஹெலிகொப்டர் இறங்க முடியாமல், உடம்பெல்லாம் ஓட்டையோடு திரும்பியது. அடுத்த நாள் நான் போகிறேன் என்று சொன்னவன் கொழும்பு கொட்டாஞ்சேனையைச் சேர்ந்த விமானி நோபேட். விமானப்படையில் மிஞ்சியிருந்த சில தமிழரில் ஒருவன். வீரத்தால் இல்லை, காத்திருக்கக் காத்திருக்கப் பயம் கூடியதால்தான் என்று பிறகு மனைவி அருந்ததியிடம் சொன்னான். அவன் ஸ்கூட்டர் ஓட்டும் அழகுக்கு அவள் பின்னால் ஏறவே மாட்டாள், பஸ்ஸில்தான் போவாள். துணை விமானியாக வெள்ளவத்தை மலாய்க்காரன் புவாத் போனான்.

பனைகளுக்கு மேல் வந்ததுமே கீழேயிருந்து துப்பாக்கிச் சூடு தொடங்கியது. இடுப்புக்குக் கீழே குண்டு படாமல் பார்த்துக்கொண்டால் ஒரு பெட்டி மெழுகுவர்த்தி என்று கொச்சிக்கடை அந்தோனியாரிடம் நோபேட் பேரம் பேசினான். புழுதியைக் கிளப்பிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார்கள். காயப்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் ஓடி வந்தார்கள். எல்லோருக்கும் முந்தி ஓடி வந்தவர் ஒரு மேஜர். நெற்றியில் சின்னப் பிளாஸ்டர், கையில் பெரிய சூட்கேஸ்.

மேஜரோடு மற்ற எல்லோரையும் ஏற்றியாயிற்று. கடைசியாக வயிற்றில் காயம்பட்ட ஒரு பையன் மட்டும் வெளியே கிடந்தான். ஹெலி நிலத்தை விட்டுக் கிளம்ப மறுத்தது.

"மச்சான், இந்தப் பாரத்துக்கே ஏறுதில்லடா," என்றான் புவாத்.

ஓட்டும் பொறுப்பை அவனிடம் விட்டுவிட்டு நோபேட் பின்னால் போனான். வால் பக்கம் தகரத்தில் கல் எறிவதுபோலக் குண்டுகள் விழுந்தன. மேஜரை இறங்கச் சொல்லிச் சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டான். தான் யாரென்று தெரியுமா என்று அவர் கத்தினார்.

"தெரியும் சேர். எண்பது கிலோ. சூட்கேஸ் தனி."

மேஜரும் சூட்கேஸும் இறங்க, பையன் ஏறினான். பனை ஓலைகளை உரசிக்கொண்டு ஹெலி எழும்பியது. அப்போது ஒரு குண்டு இருக்கையைத் துளைத்து நோபேட்டின் பிட்டத்தில் ஏறியது. அந்தோனியாரைப் பற்றி அவன் சொன்னதைப் பாதிரியாரிடம் கூடச் சொல்ல முடியாது. மற்றப் பக்கத்தில் சாய்ந்தபடியே ஓட்டிக்கொண்டுபோய்ச் சேர்த்தான். இறங்கிய பிறகுதான் புவாத் சொன்னான், அந்தப் பையன் வழியிலேயே இறந்துவிட்டான் என்று.

கொழும்பு ஆஸ்பத்திரியில் குப்புறக் கிடந்தவனை அருந்ததி பார்க்க வந்தாள். முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள்.

"அந்தப் பிள்ளை செத்துத்தானே போச்சு. அதுக்கு ஏனப்பா பெரியாக்களோட கொழுவினனீங்கள்?"

நோபேட் தலையணையிலிருந்து முகத்தை அவள் பக்கம் திருப்பினான்.

"மண்ணுல கிடந்து சாகட்டும் எண்டு விட்டுட்டு வரச் சொல்றியா? பக்கத்துல கிடந்தவன் கடைசி வரைக்கும் அவன்ட கையைப் பிடிச்சிட்டு வந்தானாம்."

மேஜரும் எப்படியோ உயிரோடு கொழும்பு வந்து சேர்ந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, தன்னை அவமதித்ததாக நோபேட் மேல் முறைப்பாடு கொடுத்தது. விசாரணையில் நோபேட்டை உட்காரச் சொன்னார்கள். வேண்டாம், நிற்கிறேன் என்றான். அதையும் அவமதிப்பு என்று எழுதிக்கொண்டார்கள். அவன் சொன்னது திட்டு இல்லை, எடைக் கணக்குத்தான் என்று புவாத் சிரிக்காமல் சாட்சி சொன்னான்.

தண்டனை கிடைக்கவில்லை. பதக்கமும் கிடைக்கவில்லை. பதவி உயர்வு மட்டும் தள்ளிப்போனது. காயம் ஆறி ஒழுங்காக உட்கார முடிந்ததும் நோபேட் மறுபடி வடக்குக்குப் பறந்தான். அருந்ததி ஒரு கிழமை, ஏழு நாளும், அவனோடு கதைக்கவில்லை.