பொம்மையிடம் பழகிய கை

அவள் உட்கார்ந்திருந்த வங்கிக் கவுன்ட்டரில் மெஷின் வந்து உட்கார்ந்தபோதும் அவள் அழவில்லை, புருஷன் போனபோதும் அழவில்லை. நாற்பத்தெட்டு வயதில் நர்ஸிங் சேர்ந்ததுகூட யாரோ முதுகைத் தள்ளிவிட்ட மாதிரிதான். கல்லூரி முதல்வர், "இது தொழில் அல்ல, தவம்" என்று வருஷம் தவறாமல் முழங்கினார். தவத்துக்கு லேட்டாக வந்தால் அபராதம் உண்டு.

இன்று கடைசிச் செய்முறைத் தேர்வு. தேறினால் இதே ஆஸ்பத்திரியில் வேலை. தவறினால் இன்னொரு வருஷம் சின்னப் பெண்களோடு பெஞ்சு தேய்க்க வேண்டும்.

இதுவரை பழகியதெல்லாம் ஒரு ரப்பர் பொம்மையிடம். அதற்கு மாப்பிள்ளை என்று பட்டப்பெயர்.

"வாயத் திறக்க மாட்டாரு, எல்லாம் நாமதான் செஞ்சுவிடணும். வேற எப்படிக் கூப்பிடறது ஆன்ட்டி?" என்பாள் பக்கத்து பெஞ்சுப் பெண்.

நோயாளியின் பெயரைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும். பொம்மை சொல்லாது. கேட்கிறவளே பதிலும் சொல்லிக்கொள்வாள்.

தேர்வுக் கட்டிலில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி ஒருவர். கால் முறிந்திருந்தது, தோரணைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்ட வேண்டும்.

"உங்க பேரு சொல்லுங்க ஐயா."

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வகித்த பதவிகளிலிருந்து ஆரம்பிக்க ஆயத்தமானார். அதற்குள் அவளே, "மாப்பிள்ளை. திரும்பலாமா? திரும்பலாம்" என்று சொல்லிப் போர்வையை உருவிவிட்டாள்.

"யாருக்கும்மா மாப்பிள்ளை? இவ என்னைத் தொடக் கூடாது!"

அடுத்த கட்டில்காரர் சிரித்துச் சிரித்து இருமினார். மார்க் ஷீட்டோடு பக்கத்தில் நின்ற தேர்வாளரம்மா சிரிக்கவில்லை.

"நாளைக்கு ஊசிய யாருக்குப் போடுவீங்க?"

"பேரு கேட்டேன் மேடம்."

"பதிலுக்கு நின்னீங்களா?"

ஃபெயில்.

தங்கை போனில் கேட்டாள். "என்னக்கா ஆச்சு?"

"போச்சு."

"அழறியா?"

"இல்ல. வரல."

கட்டிலடியில் விட்டுவந்த தண்ணீர்ப் பேசினை எடுக்க வார்டுக்குத் திரும்பினாள். தேர்வாளரம்மா அடுத்த வார்டுக்குப் போயிருந்தார். அதிகாரியின் முகம் வேர்த்திருந்தது.

"ஏம்மா... பெட்பான்... அவசரம்."

திரையை இழுத்தாள். "பேரு சொல்லுங்க ஐயா."

"இப்பவா!"

"ஆமா."

பதவி எதுவும் ஒட்டாமல் வெறும் பெயர் வந்தது. கைப்பட்டையில் எழுதியிருந்த பெயரோடு ஒத்துப் பார்த்தாள்.

"தூக்கட்டுமா?"

"தூக்கும்மா, புண்ணியமாப் போகும்."

தூக்கி வைத்தாள். பொம்மையைவிடக் கனம். திரைக்கு வெளியே வந்து, "ஆச்சுங்களா?" என்று கேட்டாள்.

பதில் வரவில்லை. நின்றாள்.