கொனாடுவுக்குக் கார்டு, அன்ட்விக்குக் கேமரா

1

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் என் காதில் விழுந்தது மூன்று வரிதான். மீதியை நான் கட்டினேன்.

கானா நாட்டுக் குமாசியில், பன்டாமா சாலையோரத்து வாச்சே கடையில், சோறும் பயறும் வாங்க வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெண்ணும் ஒரு ஆணும். ஒரே செல்போன், ஒரே இயர்போன், ஆளுக்கு ஒரு காது. போனில் யாரோ ஒருவர் புதிதாக வந்த கிராபிக்ஸ் கார்டைப் பிறந்த குழந்தையைப் போல ஏந்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

"இதான் நமக்கு," என்றாள் அவள்.

"அடுத்து கேமராவைக் காட்டுவான். கொஞ்சம் பொறு."

"பொறுத்தாச்சு. ஆறு வருஷமா."

அவன் பதில் சொல்ல வாயெடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கடைக்கார அம்மாள், "உங்களுக்கு முட்டை வேணுமா, மீன் வேணுமா?" என்று என்னைக் கேட்டார். அவன் சொன்னது காதில் விழாமல் போயிற்று.

நான் குடும்பக் கதைகள் எழுதுகிறவள். இரண்டு பேர் எதைப் பற்றிச் சண்டை போட்டாலும், அது வேறு எதையோ பற்றிய சண்டை என்றுதான் எனக்குத் தோன்றும். பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல் எழுத உட்கார்ந்தேன். (பொய். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டுத்தான்.)

2

முதல் தொடக்கம்: "அன்ட்வி கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் தெருவே திரும்பி..."

வேண்டாம். இப்படி ஆரம்பித்தால் அவனைப் பத்தாம் பக்கத்தில் மழையில் நனையவிட வேண்டியிருக்கும்.

இரண்டாம் தொடக்கம்: "மரணம் என்பது மனிதனுக்கு..."

சீச்சீ.

மூன்றாவது, உள்ளதை உள்ளபடி: அன்ட்வியும் கொனாடுவும் (பெயர்கள் நான் வைத்தவை) சவ அடக்கங்களை வீடியோ எடுக்கிறவர்கள். முடிதிருத்தும் கடைக்கு மேலே ஓர் அறைதான் ஸ்டுடியோ. அவன் படம் பிடிப்பான். அவள் அதைக் கம்ப்யூட்டரில் வெட்டி ஒட்டுவாள். ஆறு வருஷமாக இப்படி. கணவன் மனைவி இல்லை. ஆனால் கெஜெட்டியா சந்தையில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்; மீதிப் பேர், "எப்பப்பா பெண் கேட்டு அவ வீட்டுக் கதவைத் தட்டப் போறே?" என்று அவனை நேரிலேயே கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே லென்ஸைத் துடைப்பான்.

அந்த வாரம் புதுக் கார்டும் புதுக் கேமராவும் ஒன்றாகச் சந்தைக்கு வந்தன. இருவரும் சேர்த்துவைத்தது ஒன்றுக்குத்தான் போதும். கூடவே, தலைநகர் அக்ராவில் ஒரு வீடியோ நிறுவனம் கொனாடுவுக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. குளிரூட்டிய அறை, அவள் ஆசைப்பட்ட அதே கார்டு போட்ட கம்ப்யூட்டர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

அன்ட்விக்கும் அது தெரியும். அவள்தான் காட்டினாள். அவன் படித்துவிட்டு, "சம்பளம் நல்லாத்தான் இருக்கு," என்றான். அதற்குப் பிறகு இருவரும் கார்டைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் மட்டுமே பேசினார்கள்.

3

அவர்கள் சண்டையை எழுதுவது சுகமாக இருந்தது. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

"கறுப்புத் துணி, கறுத்த முகம், பந்தலுக்கு வெளியே கொளுத்துற வெயில்," என்றான் அன்ட்வி. "என் பழைய கேமரா இதுல எதைப் பார்க்கும்? முகத்தைப் பார்த்தா வானம் வெளுத்துப்போகுது. வானத்தைப் பார்த்தா துக்க வீட்டுக்காரங்க பல்லு மட்டும் தெரியுது."

"தெரிஞ்ச பல்லை வச்சு நான் ஒப்பேத்திக்கிறேன். என் மெஷினைப் பாரு. ஒரு பாட்டியை அடக்கம் பண்ணின வீடியோ வெளிய வர்றதுக்குள்ள, அவங்க வீட்டுல அடுத்த ஆளு படுத்துடறாரு."

"நல்லதுதானே? ரெண்டு வேலை."

"வாயைக் கழுவு!"

"சரி, முகமே பதியலைன்னா நீ எதை வெட்டி எதை ஒட்டுவே?"

"நீ பதிச்சதை ஞாயித்துக்கிழமைக்குள்ள கையில குடுக்கலைன்னா யாருக்கு வேணும்? சாவுக்கு ஹாம்பர்க்ல இருந்து வந்த சொந்தக்காரரு ஏரோப்ளேன்ல ஏறிப் போயிடுவாரு."

(இங்கே இரண்டு பக்கம் கார்டின் நினைவகம், கேமராவின் சென்சார் என்று எழுதி, நானே கொட்டாவி விட்டதால் எடுத்துவிட்டேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: எண்களை ஒப்பிடும்போது அவர்கள் நாற்காலிகள் நெருங்கியிருந்தன.)

வெள்ளிக்கிழமை அன்ட்வி ஒரு பெட்டியோடு மாடி ஏறினான். கார்டு.

"கேமரா?" என்றாள் கொனாடு.

"அது சரியில்ல. அரை மணி நேரத்துல சூடாகிடுதாம். எல்லாரும் எழுதியிருக்காங்க."

இந்த இடத்தில்தான் எனக்கு அன்ட்வி மேல் சந்தேகம் வந்தது. கேமரா பைத்தியம் பிடித்தவன் இவ்வளவு நல்லவனாக இருப்பானா? அடித்துவிட்டு, அவன் கேமராவையே வாங்குவதாக எழுதிப் பார்த்தேன். அதில் அவன் முகம் மகிழ்ச்சியாக இல்லை. மறுபடி கார்டையே அவன் கையில் கொடுத்தேன்.*

* கொனாடுவும் அதே விமர்சனங்களை எல்லாம் படித்திருந்தாள். சூடாவதைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. அவள் பெட்டியைப் பிரித்தாள்.

4

சனிக்கிழமை அடக்கம் ஆன்ட்டி பிராகோவின் தாயாருக்கு. பிராகோ கெஜெட்டியாவில் துணி வியாபாரி. அவர் கடையில் பேரம் பேசி ஜெயித்தவர் இல்லை. தன் தாய்வழிக் குடும்பத்துக்கென்று மூன்று வாரம் அலைந்து ஒரு துணி தேர்ந்தெடுத்திருந்தார்: கறுப்பில் அடர்ந்த பழுப்பு அச்சு. இறந்தவரின் கணவர் வீட்டாரும் விருந்தாளிகளும் வெறும் கறுப்பு. யார் யாருடைய ஆள் என்று தூரத்திலிருந்தே தெரிய வேண்டும் அல்லவா?

மத்தியானம் மேகம் கவிந்தது. பந்தலுக்குள் இருட்டு. துக்கம் கேட்க வந்தவர்கள் வரிசையாகக் கைகுலுக்கிய நேரம் முழுவதும் அன்ட்வியின் பழைய கேமரா திணறியது. படமெல்லாம் மணல் தூவியது போலப் புள்ளி.

ஆனால் இப்போது கொனாடுவிடம் கார்டு இருந்ததே! புள்ளிகளைத் துடைக்கும் வசதியை முதல் முறையாகத் தட்டினாள். பழைய மெஷினில் ஒரு நாள் முழுக்கப் பிடித்திருக்கும் வேலை, சாயங்காலத் தேநீர் ஆறுவதற்குள் முடிந்தது. முகங்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து வந்தவை போல மின்னின.

"பார்த்தியா!" என்று அன்ட்வியின் முதுகில் ஒன்று வைத்தாள்.

"பார்த்தேன், பார்த்தேன். கையை எடு, வலிக்குது."

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயத்தில் நன்றி வழிபாடு முடிந்து, எல்லோரும் அன்றைய வழக்கமான கறுப்பு வெள்ளை உடுப்போடு பிராகோ வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வீடியோ பார்த்தார்கள். கைகுலுக்கும் வரிசை வந்தது.

"நிறுத்து," என்றார் பிராகோ.

கொனாடு நிறுத்தினாள்.

"அது யாரு?"

"நீங்கதான், ஆன்ட்டி."

"நான்தான்னு எனக்குத் தெரியுது. என் துணி எங்கே?"

திரையில் பிராகோ வெறும் கறுப்பில் நின்றிருந்தார். அவர் அண்ணன், தங்கைகள், அத்தனை பேரும் வெறும் கறுப்பு. புள்ளியைத் துடைத்த கார்டு துணியின் அச்சையும் புள்ளி என்றே எடுத்துக்கொண்டு, வழித்துத் துடைத்திருந்தது. அசாந்தி இனத்தில் பிறந்து, நடக்கத் தெரிவதற்கு முன்பே துக்கத் துணிகளுக்கு நடுவே தவழ்ந்த கொனாடு, முகம் பளபளத்த சந்தோஷத்தில் துணியைப் பார்க்கவே இல்லை.

"எங்க அம்மா சாவுல எங்களையே விருந்தாளி ஆக்கிட்டீங்களே!" என்றார் பிராகோ.

"விருந்தாளின்னா நல்லதுதான். செலவு நம்மளுது இல்ல," என்றார் ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த அவர் அண்ணன்.

"நீ சும்மா இரு! இன்னிக்கு ராத்திரி ஏரோப்ளேன்ல இதைத்தான் எடுத்துட்டுப் போகப்போறே. அங்க இருக்கிறவங்க கேட்டா என்ன சொல்லுவே? தங்கச்சி வாடகைத் துணி கட்டினாள்னா?"

அன்ட்வி எழுந்தான். "தப்பு என் கேமராவோடது ஆன்ட்டி. பழசு. அச்சு அதுல பதியவே இல்ல."

கொனாடு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காரியம் அப்படியே முடிந்திருக்கலாம். பழைய கேமராவை யார் திட்டினாலும் அதற்கு வலிக்காது.

"இல்ல, ஆன்ட்டி," என்றாள். "அச்சு பதிஞ்சுதான் இருந்துச்சு. நான்தான் அழிச்சேன். ஒரு மணி நேரம் குடுங்க."

ஒரு மணி நேரம் ஆகவில்லை. கார்டு நல்ல கார்டு. துடைக்காத படம் வந்தது. மணலும் இருந்தது, மணலுக்கு நடுவே அச்சும் இருந்தது. பிராகோ திரைக்கு மூக்கை ஒட்டிப் பார்த்தார்.

"புள்ளி புள்ளியா இருக்கே."

"ஆமா, ஆன்ட்டி."

"இருந்துட்டுப் போகட்டும். என் ஆளுங்க தெரியறாங்க." பிறகு இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். "ஒருத்தர் தப்பை ஒருத்தர் எடுத்துக்கறீங்க. இதுக்கு என் வீட்டுச் சாவுதான் கிடைச்சுதா? சோறு சாப்பிட்டுப் போங்க."

5

இந்தக் கதைக்கு மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: கொனாடு அக்ராவுக்கு "மாட்டேன்" என்று எழுதிவிடுகிறாள். சுபம். என் வாசகிகளுக்குப் பிடிக்கும், கொனாடுவுக்குப் பிடிக்கவில்லை. யாரும் கேட்காமல் தானாக நின்றுவிட்ட பெண்ணாக இருக்க அவள் சம்மதிக்கவில்லை.

இரண்டு: அவள் போய்விடுகிறாள். அவன் அந்தக் கார்டுக்கு முன்னால் உட்கார்ந்து... இல்லை. அவனுக்குக் கார்டை இயக்கவே தெரியாது.

மூன்று: பிராகோவே நடுவில் புகுந்து பேசி முடிக்கிறார். நன்றாகச் செய்வார். ஆனால் அவருக்குத் திங்கட்கிழமை கடை திறக்க வேண்டும்.

ஆகவே, நடந்ததை மட்டும் எழுதுகிறேன். (நடந்ததாக நான் நினைப்பதை.) இருவரும் பிராகோ வீட்டிலிருந்து நடந்து வந்தார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது. முக்காலி அவன் தோளில்; கம்ப்யூட்டர் பை அவள் கையில்.

"எத்தனை பொய் சொன்னே?" என்றாள் கொனாடு.

"எந்தப் பொய்?"

"ரெண்டு. கேமரா சூடாகுதுன்னு ஒண்ணு. அச்சு பதியலைன்னு ஒண்ணு."

"ரெண்டுதானே."

"அக்ரா போகாதேன்னு வாயால சொல்றதுக்கு இன்னும் எத்தனை வேணும், அன்ட்வி?"

அவன் நின்றான். முக்காலியை இறக்கி, மூன்று காலையும் விரித்து, சாலையோரத்தில் ஊன்றினான். படம் எடுக்க எதுவும் இல்லாத இடத்தில். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டான்.

"கொனாடு," என்றான். பிறகு சொன்னான்:

"............................................"

இந்தக் கோடிட்ட இடத்தை நான் நிரப்பப் போவதில்லை. என் கதைகளில் இப்படிப்பட்ட ஆண்களுக்காக நானே பேசிப் பேசி, அவர்கள் வாயைத் திறக்காமலே காலத்தை ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். நீங்கள் எழுதுங்கள். பெரிய வார்த்தை வேண்டாம். "நீ இல்லாம ஸ்டுடியோ நடக்காது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அவள் பையைத் தூக்கிக்கொண்டு நேரே பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவாள். ஸ்டுடியோவைப் பற்றி அவள் கேட்கவில்லை.

அவள் அவனையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பையைக் கீழே வைக்கவில்லை. போகவும் இல்லை. பேனா உங்களிடம் இருக்கிறது.