எதிரொலியில் மட்டும்

பாட்டுக் கம்பெனிக்காரர் காலையிலேயே போனில் கறாராகச் சொல்லிவிட்டார். “செத்தவரு ரெண்டாவது சரணம் பாடவே இல்ல. பாதிப் பாட்டை வெச்சு நான் என்ன பண்றது? புதுப் பையன் முழுசா பாடிக் குடுத்துட்டான். அவனைப் போட்டு சாயங்காலம் அனுப்பிடுங்க.”

குரலையும் இசையையும் சேர்க்கும் மிக்ஸிங்காரர் சரி என்றார். வேறென்ன சொல்வது? இறந்தவன் கோடவுனில் மூட்டை தூக்கியவன். எல்லோரும் அவனை மூட்டை என்றே கூப்பிட்டார்கள். வருடக்கணக்காகக் கோரஸில் பின்வரிசையில் நின்றவனுக்கு முதல்முறையாகத் தனிப்பாட்டு கிடைத்தது. பாதி பாடிவிட்டுப் போனவன்மேல் மறுநாள் மூட்டை அடுக்கு சரிந்து விழுந்தது.

கம்ப்யூட்டரில் அவன் குரல் இருந்த சேனலின் பேடரை, ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழை, அடிவரை இறக்கிவிட்டுப் புதுக்குரலை ஏற்றிக்கொண்டிருந்தபோது இறந்தவன் மனைவி வந்தாள். மில் சீருடை, முடியில் பஞ்சு. அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

“அண்ணே, அவரு பாட்டைக் கேக்கலாம்னு வந்தேன்.”

அவர் மவுஸிலிருந்து கையை எடுத்தார். சுற்றி வளைக்காமல் சொல்லித் தொலைத்தார். “அவன் குரல் இதுல இல்லம்மா. வேற ஆளைப் போடச் சொல்லிட்டாங்க.”

அவள் அழவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இருக்கறதைப் போடுங்க.”

புதுப் பையன் தெளிவாகப் பாடினான். முதல் வரி முடிந்து இடைவெளி வந்ததும் அவள் நிமிர்ந்தாள்.

“அவரு இருக்காரே.”

“இல்லம்மா.”

“கெணத்துக்குள்ள நின்னு பாடற மாதிரி கேக்குது. நல்லா கேளுங்க.”

புதுக்குரலை நிறுத்திவிட்டுக் கேட்டார். உண்மைதான். பதிவு நடந்த அன்று மூட்டை அடம்பிடித்தான். “ஹெட்போன்ல எதிரொலி வேணும்ணே. பாத்ரூம்ல பாடினாத்தான் எனக்கு தைரியமே வரும்.” அதற்காக அவன் குரலிலிருந்து ஒரு கிளையைப் பேடருக்கு முன்னாலேயே பிரித்து எதிரொலி சேனலுக்கு அனுப்பியிருந்தார். பிறகு அதை மறந்தே போனார். பேடரை எவ்வளவு இறக்கினாலும் அந்தக் கிளைக்கு ஒன்றும் ஆகாது. குரல் போய்விட்டது, எதிரொலி மட்டும் பாட்டுக்கு அடியில் கிடந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். “இப்படியே விட்டுடறேன்மா. யாருக்கும் தெரியாது. பாட்டு ஓடற வரைக்கும் அவனும் அதுல இருந்துட்டுப் போகட்டும்.”

அவள் முடியிலிருந்து எடுத்த பஞ்சை உருட்டிக்கொண்டிருந்தாள். “ஒவ்வொரு பாட்டு வரும்போதும் கேப்பாருண்ணே, ‘கூட்டத்துல என் குரல் தெரியுதாடி’ன்னு. தெரியுதுன்னு பொய் சொல்லுவேன். செத்தும் இன்னொருத்தன் முதுகுக்குப் பின்னாலதான் நிக்கணுமா? போட்டா அவரு குரலையே முன்னால போடுங்க. இல்லேன்னா எடுத்துடுங்க.”

அவர் கம்பெனிக்காரருக்குப் போன் போட்டார். முதல் சரணத்திலாவது மூட்டையை வைக்கலாமே என்றார்.

“நாம பாட்டு விக்கறோமா, துக்கம் விசாரிக்கிறோமா?” என்றது மறுமுனை. அது அவள் காதிலும் விழுந்தது.

“விடுங்கண்ணே. ஒரு தடவ அவரை மட்டும் போடுங்க.”

எதிரொலியை அடைத்து, பேடரை மேலே ஏற்றினார். பக்கத்தில் வந்து நின்றவன்போல மூட்டை பாடினான். முதல் சரணத்தோடு நின்றது. அவள் தலையசைத்ததும் அவர் பேடரை இறக்கி, அந்த எதிரொலிக் கிளையையும் துண்டித்தார்.

“இப்ப அந்தப் பையனைப் போடுங்க.”

கடைசி வரி அடங்கும்வரை அசையாமல் கேட்டாள்.

“நல்லாத்தான் பாடறான்,” என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

அவள் படியிறங்கிப் போகும்வரை காத்திருந்து, அவர் பாட்டை அனுப்பினார்.