இரண்டாவது டெலிபோன்

இந்தக் காலத்தில் சண்டை போடுவதற்குக்கூட ஆள் கிடைப்பதில்லை. முன்பெல்லாம் ஒரு பொருள் பழுதானால் விற்றவன் கடை வாசலில் போய் நின்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம். அவனும் பதிலுக்கு நாலு கேட்பான். இரண்டு பேருக்கும் மனசு ஆறும். இப்போது ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று மெஷின் பேசுகிறது. சொன்னபடி அழுத்தினால் பாட்டுப் போடுகிறது. வயிறெரிந்து கூப்பிடுகிறவனுக்குப் பாட்டுப் போடுகிற புத்தி எந்த ஊர்ப் புத்தியோ.

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து, ரிசீவரைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, மனசுக்குள் இப்படித்தான் பொரிந்துகொண்டிருந்தார். அறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. வெளியே ஹாலில் மருமகள் லேப்டாப்பைத் திறந்து வைத்து, சரியாகத் தெரிகிறதா, குரல் கேட்கிறதா என்று தன் தங்கையோடு பேசிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். திடீரென்று அவள் குரல் உயர்ந்தது.

"மாமா, நெட் இன்னும் வரலை."

"அதுக்குத்தாம்மா கூப்பிட்டுக்கிட்டிருக்கேன். எவன் எடுக்கிறான்?"

அன்று மூன்று மணிக்கு அவளுக்கு இன்டர்வியூ. பெரிய ஆஸ்பத்திரி, நர்ஸ் வேலை. இப்போது பள்ளிக்கூடம் போகிற குழந்தைக்காக ஐந்து வருஷம் வீட்டில் இருந்துவிட்டவளைக் கூப்பிட்டுப் பேசுவதே பெரிய விஷயம். முதல் தடவை பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் நெட் அறுந்தது. இன்னொரு நாள் கொடுத்தார்கள். அதுவும் பாதியில் அறுந்தது. இதுதான் கடைசி, இதற்கு மேல் எங்களால் முடியாது என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். இந்த வேலை கிடைத்தால் மகன் மாற்றல் வாங்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தான். கிடைக்காவிட்டால் வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் அவன் இருக்கும் ஊருக்குப் போகவேண்டியதுதான். அங்கே நாலாவது மாடியில் ஒரே ஒரு படுக்கையறை. பெரியவர் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு, இரண்டாம் நாளே பஸ் ஏறி வந்தவர்.

செல்போன் நெட் அந்தச் சந்துக்குள் வீடியோ அளவுக்குத் தாங்காது. பக்கத்து வீட்டுத் தையல்காரி, எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்து பேசேன் என்று கூப்பிட்டாள். பெரியவர்தான் விடவில்லை. நம் வீட்டு விஷயம் அவள் காதில் விழுந்தால் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தைத்துக் கொடுத்துவிடுவாள் என்றார்.

பாட்டு நின்று ஒரு பெண் வந்தாள். வணக்கம் சொன்னாள், பெயரைச் சொன்னாள், சிரமத்துக்கு வருந்தினாள். பெரியவர் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்து விஷயத்துக்கு வந்தார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மோடத்தில் எந்தெந்த விளக்கு எரிகிறது என்றாள். அவர் ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு கதவுப்பக்கம் திரும்பிக் கத்தினார். மூன்றாவது விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது என்று ஹாலிலிருந்து பதில் வந்தது.

"சார், நீங்க இப்ப எந்த போன்லேருந்து பேசறீங்க?"

பெரியவருக்குச் சுருக்கென்றது. ரிசீவரை வைத்துவிட்டார்.

அவர் பயந்ததற்குக் காரணம் கட்டிலுக்கடியில் இருந்தது. வேலையில் இருந்த காலத்தில் பழைய சாமான் கடையில் வாங்கிய சிவப்பு டெலிபோன். தெருவிலிருந்து லைன் வந்து இறங்குகிற வாசல் பெட்டியிலிருந்து அவரே ஒரு வயரைப் பிரித்து, பரண் ஓரமாக இழுத்து, பீரோவுக்குப் பின்னால் இறக்கி மாட்டியது. மணி அடிக்கும் இடத்தில் துணியைத் திணித்து ஊமையாக்கி வைத்திருந்தார். கம்பெனிக்காரன் கண்டுபிடித்தால் இரண்டு போனுக்கும் சேர்த்துப் பில் தீட்டிவிடுவான் என்று அன்றைக்கு ஒருவன் சொன்னது மனசில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்துவிட்டது. அதனால் மகனுக்கும் சொன்னதில்லை. அறையைத் தானே பெருக்கிக்கொள்வார். வெளியே போனால் பூட்டிக்கொண்டு போவார். சட்டைப் பையில் பட்டன் செல்போன் ஒன்று உண்டு. அதில்தான் அவர் பேசுகிறார் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வயர் இல்லாமல் வருகிற குரலை அவர் நம்புவதில்லை. யார் யாரோடு கலந்து வருகிறதோ.

ரிசீவரை வைத்த சற்று நேரத்தில் ஹாலிலிருந்து சத்தம் வந்தது.

"வந்துடுச்சு மாமா. எல்லா விளக்கும் சிமிட்டாம நிக்குது."

பெரியவர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். "ஒரு அதட்டு அதட்டினேன். அவ்வளவுதான். இவங்களுக்கெல்லாம் அதட்டினாத்தான் ஆகும்."

ஆனால் மருமகளுக்கு நம்பிக்கை வரவில்லை. இரண்டு தடவை சூடு பட்டவள். இரண்டரை மணி வாக்கில் தன் செல்போனை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் சிக்னல் கிடைக்கிற வாசற்படியில் போய் நின்று அவளே கூப்பிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டாள். பெரியவரும் பின்னாலேயே போய் நின்றார். இந்தத் தடவை வேறொரு பெண். குரலில் சிரிப்பு இல்லை, அவசரமும் இல்லை. கம்ப்யூட்டரில் எதையோ பார்த்துவிட்டு, உங்கள் லைன் ஒரே நாளில் பல தடவை அறுந்து அறுந்து சேருகிறது மேடம், மழையால் வருகிற கோளாறு இப்படி இருக்காது, யாரோ சுவிட்சைப் போட்டு அணைக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு, வீட்டில் எத்தனை டெலிபோன் என்று கேட்டாள்.

"ஒண்ணுதான். ஹால்ல இருக்கு. அதுக்கு உங்க ஆள் ஒரு சின்ன டப்பா மாட்டிட்டுப் போனார்."

"அது ஃபில்டர், மேடம். பேச்சும் நெட்டும் ஒரே வயர்லதான் வருது. அந்த டப்பா ரெண்டையும் பிரிச்சு விடும். டப்பா இல்லாத போன் வீட்டுல இன்னொண்ணு இருந்தா, அதைத் தூக்கினா நெட் போயிடும். வேற ரூம்ல ஏதாவது இருக்கா, நல்லா கேட்டுப் பாருங்க."

மருமகள் திரும்பினாள். "மாமா, அத்தை இருந்தப்ப எங்கேயாவது வயர் கியர் இழுத்திருந்தீங்களா?"

பெரியவர் ஆயுசில் பாதியைக் குடோன் காவலில் கழித்தவர். அங்கே அவருக்குப் பெயரே பூட்டு. ஒரு வீட்டுக்கு எத்தனை கதவு என்று கேட்கிறவனை அவர் நம்பியதே கிடையாது. அந்தக் கேள்வியைக் கேட்கிறவன் கதவு வாங்க வந்தவனாக இருக்கமாட்டான்.

"இல்லை," என்றார்.

"நிச்சயமா?"

"என்னம்மா, போலீஸ் விசாரணையா?"

அந்தப் பெண் சொன்ன விளக்கத்தையும் அவர் தலைக்குள் விடவில்லை. பேச்சு வயரில் வருகிறது, சரி. நெட் எல்லாம் மேகத்தில் இருப்பதாக அவருடைய மகனே சொல்லியிருக்கிறான். மேகத்தில் இருப்பது கட்டிலுக்கடியில் எப்படி வரும்? வேலை தெரியாதவர்கள் கடைசியில் வீட்டுக்காரன் தலையில் பழியைப் போடுவார்கள். அவர் பார்க்காததா.

மருமகள் எதற்கும் இருக்கட்டும் என்று ஹால் போனைச் சுவரிலிருந்தே பிடுங்கி வைத்தாள். முகம் கழுவி, தலையை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். தண்ணீர் டம்ளரை லேப்டாப்புக்கு எட்டாமல் தள்ளி வைத்தாள். பெரியவர் வழக்கம்போல் அறைக்குள் போனார். ஆனால் கதவைத் தாழிடவில்லை. நடப்பது காதில் விழவேண்டும் என்று ஒரு விரல் அளவு திறந்தே வைத்தார்.

மூன்று மணிக்குக் குரல்கள் கேட்டன. ஒரு ஆண், இரண்டு பெண்கள். மருந்துகளைப் பற்றிக் கேட்டார்கள். மருமகள் மளமளவென்று சொன்னாள். மூச்சுத் திணறலோடு ஒரு நோயாளி வந்தால் முதலில் என்ன செய்வாய் என்றார்கள். அதற்கும் சொன்னாள். பெரியவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் குரலில் தடுமாற்றம் இல்லை என்பது விளங்கியது. இந்த வீட்டில் இத்தனை நாள் உப்பு போதுமா, தண்ணீர் வந்ததா என்று மட்டுமே பேசிய குரல் இது. அவர் கட்டில் நுனியில் உட்கார்ந்து, மூச்சைக்கூட மெதுவாக விட்டார்.

அந்த ஆண் கேட்டார், ஐந்து வருஷம் வேலையை விட்டிருந்தீர்களே, கை மறந்திருக்காதா என்று.

பதில் இல்லை.

பெரியவர் காதைத் தீட்டினார். ஒரு சத்தமும் இல்லை. அறுந்துவிட்டதா? முதல் நாளும் இப்படித்தான், பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது திடீரென்று ஓர் அமைதி. அன்றும் அவர் லைன் உயிரோடு இருக்கிறதா என்று உடனே பார்த்தார். குடோனில் பூட்டைக் கண்ணால் பார்த்துவிட்டு நகர்கிற ஆள் அல்ல அவர். ஒவ்வொன்றையும் பிடித்து ஆட்டிப் பார்த்தால்தான் அடுத்ததற்குப் போவார். கை தானாகக் கட்டிலுக்கடியில் போயிற்று. ரிசீவரைத் தூக்கிக் காதில் வைத்தார்.

கொர்ர் என்று ஒலி நன்றாக வந்தது. லைன் உயிரோடுதான் இருக்கிறது. அவருக்கு நிம்மதியாயிற்று.

"எனக்குக் கை மறக்கலை சார், என் மாமியார் படுக்கையில இருந்த ரெண்டு வருஷமும் நான்தான்…" என்று மருமகள் ஆரம்பித்தாள். அவள் யோசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். பிறகு, "சார்? ஹலோ? சார், கேக்குதா?"

நாற்காலி பின்னால் நகர்ந்தது. கதவு திறந்தது.

அவர் ரிசீவரைக் காதில் வைத்தபடியே இருந்தார். வைக்கத் தோன்றவில்லை. மருமகள் முதலில் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு சிவப்பு ரிசீவரை, பிறகு சுருள் வயரை, அது கட்டிலுக்கடியில் போகும் இடத்தை. கண்கள் பீரோவுக்குப் பின்னால் ஏறிப் பரண்வரைக்கும் போய்த் திரும்பின. அவள் கத்துவாள் என்று அவர் எதிர்பார்த்தார். கத்தியிருந்தால் அவருக்கும் பதிலுக்குக் கத்தச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"முதல் தடவையும் இதைத் தூக்கினீங்களா மாமா?"

அவர் ரிசீவரை அதன் இடத்தில் வைத்தார்.

"ரெண்டாவது தடவை?"

"லைன் இருக்கான்னு பார்த்தேன். அதுல என்ன தப்பு?"

அவள் செல்போன் ஒலித்தது. ஓடிப் போய் வாசற்படியில் நின்று பேசினாள். ஆமாம் மேடம், இல்லை மேடம், தயவுசெய்து என்று கேட்டது. திரும்பி வந்து அறை வாசலில் நின்றாள். அடுத்த ஆளைக் கூப்பிடத் தயாராகிக்கொண்டிருக்கிறார்களாம். அந்த ஆள் வந்து உட்காருவதற்குள் இவள் திரும்ப வந்தால் பார்ப்பார்களாம்.

"அதைக் கழட்டுங்க."

"வச்சிட்டேன்ல. இனிமே தொடமாட்டேன், போம்மா."

"தொடுவீங்க. சத்தம் கொஞ்சம் நின்னா தொடுவீங்க. நீங்களே கழட்டுங்க மாமா. நான் கழட்டினா திரும்ப மாட்டிடுவீங்க."

பெரியவர் அவளைப் பார்த்தார். இது நெட்டும் இல்லை, வயரும் இல்லை, சும்மா ஒரு பழைய சாமான் என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை. குனிந்து டெலிபோனை இழுத்தார். வயரில் அவர் கையால் போட்ட முடிச்சு, பல வருஷம் இறுகிப் போயிருந்தது. நகம் நுழையவில்லை. ஹாலில் மோடத்தின் மூன்றாவது விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. தலையணைக்கடியில் இருந்த நகவெட்டியை எடுத்து ஒரு கம்பியை நறுக்கினார். பிறகு மற்றொன்றை.

மருமகள் மோடத்தின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். விளக்கு சிமிட்டியது. சிமிட்டியது. மெதுவாயிற்று. நின்றது. அவள் எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "வெளியில போய் இருங்க மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பெரியவர் வாசற்படியில் உட்கார்ந்தார். கதவு சாத்தியிருந்தது. உள்ளே குரல்கள் கேட்டன, வார்த்தை புரியவில்லை. இடையில் ஒரு தடவை சத்தமே இல்லாமல் போயிற்று. அவருடைய வலது கை மடியைவிட்டு எழுந்தது, தொடுவதற்கு ஒன்றுமில்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டது. தையல்காரி தன் ஜன்னலில் தலையை நீட்டி, என்ன பெரியவரே, வெளியே தள்ளிட்டாங்களா என்றாள். காற்று வாங்குகிறேன் என்றார். காற்றே இல்லை. உள்ளே மறுபடியும் பேச்சு தொடர்ந்தது. நடுவில் யாரோ சிரித்தார்கள். அது மருமகளின் சிரிப்பா, அவர்களுடையதா என்று தெரியவில்லை. எது நல்லது என்றும் தெரியவில்லை.

கதவு திறந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை.

"எடுத்துக்கிட்டாங்க மாமா. திங்கட்கிழமை சர்டிபிகேட்டோட வரச் சொல்லிட்டாங்க."

"நான்தான் சொன்னேனே," என்றார் பெரியவர். என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. படியில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மகனுக்குப் போன் போட்டுச் சொன்னாள். மாற்றலுக்கு இன்றைக்கே எழுதிக் கொடுங்கள் என்றாள். சிவப்பு டெலிபோனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைப் பெரியவர் கவனித்தார். எதற்காகச் சொல்லாமல் வைத்துக்கொள்கிறாள் என்று அதிலும் ஒரு சந்தேகம் வந்தது.

போனை வைத்துவிட்டு அவள் அவரை உள்ளே கூப்பிட்டாள். அந்தச் சின்ன டப்பா ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் உங்கள் போன் உங்களிடமே இருக்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் ஒரு தடவை உங்கள் கண்ணால் பாருங்கள் என்றாள். அறுந்த கம்பிகளை முறுக்கிச் சேர்த்து, மோடம் தெரிகிற மாதிரி கதவை அகலத் திறந்து வைத்து, தூக்குங்க என்றாள்.

தூக்கினார். ஹாலில் விளக்கு அணைந்து சிமிட்டத் தொடங்கியது.

"இது தற்செயலா நடந்தது," என்றார்.

ரிசீவரை வைக்கச் சொன்னாள். விளக்கு மெல்லச் சேர்ந்து நிற்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். மறுபடியும் தூக்கச் சொன்னாள். தூக்கினார். அணைந்தது.

"இப்ப?"

பெரியவர் மோடத்தைப் பார்த்தார், ரிசீவரைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். ரிசீவரைக் கட்டிலின் மேலேயே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து செருப்பைக் காலில் மாட்டினார்.

"அந்தக் கம்பெனிப் பொண்ணு அங்க உக்காந்துக்கிட்டு அணைக்கிறா," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.