எத்தனையாவது நாள் தேடுவீர்கள்?

என் தம்பி டுவேனிடம் அந்தக் கல்லூரியைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து அவனுக்கு ஒரே சிரிப்பு.

"தொள்ளாயிரம் பேர் படிக்கிற இடமா? பக்கத்துப் பன்னிப் பண்ணையில அதைவிடக் கூட்டம், லோர்னா. சுத்திலும் சோளக்காடு. என்ன படிக்கப் போறேன்னு ரெண்டு வருஷம் கழிச்சுச் சொன்னா போதுமாம். ஓட்டல்ல உக்காந்துட்டு ரெண்டு வருஷம் கழிச்சு ஆர்டர் குடுக்கிற மாதிரி!"

"உன் பையன் முதல் நாளே ஆர்டர் குடுத்தான். அதுக்கப்புறம் மூணு தடவை மாத்திட்டான்."

போனை வைத்துவிட்டான்.

மே முதல் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும். என் மகள் பெட்ராவுக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன. ஒன்று முப்பதாயிரம் பேர் படிக்கும் மாநிலப் பல்கலைக்கழகம். இன்னொன்று இந்தச் சோளக்காட்டுக் கல்லூரி. "நீயே சொல்லும்மா" என்று முடிவை என் தலையில் போட்டுவிட்டாள்.

அந்தப் பெரிய பல்கலைக்கழகத்தில் நானும் படித்தவள்தான், ஓர் அக்டோபர் வரைக்கும். ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்று வாரம் அறையிலேயே படுத்துக் கிடந்தேன். ஒருவரும் வரவில்லை. ஊருக்குத் திரும்பி, மருத்துவமனையின் கொதிகலன் அறையில் இரவு வேலைக்குச் சேர்ந்தேன். பிப்ரவரியில் கடிதம் வந்தது: தங்கள் வருகை குறைந்திருப்பதாகத் தெரிகிறது. இருபத்திரண்டு வருஷமாக அதே இரவு வேலைதான். வேலையைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. அந்தக் கடிதத்தின் மேல்தான் கோபம்.

ஏப்ரல் கடைசி வாரம், இடம் கிடைத்த பிள்ளைகளைப் பெற்றோருடன் கூப்பிட்டுக் காட்டும் நாள். காலை ஏழு மணிக்கு வேலை முடிந்தது. பெட்ரா காரோடு வாசலில் நின்றாள். ஒளிர்பட்டை போட்ட வேலை அங்கி, இடுப்பில் சாவிக்கொத்து, அப்படியே ஏறினேன்.

"உடுப்பையாவது மாத்தியிருக்கலாம்மா."

"மாத்தினா வேற யாரோ வந்த மாதிரி இருக்கும். நீ ஓட்டு."

வழியில் இரண்டு மணி நேரம் தூங்கினேன். அங்கே சுற்றிக் காட்ட வந்த ஒரு மாணவன் எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து நூலகத்தைக் காட்டினான், தேவாலயத்தைக் காட்டினான். ஒரு தடவைகூடத் தடுக்கி விழவில்லை. பிறகு வழக்கப்படி பிரித்துவிட்டார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு வகுப்புக்கு. பெற்றோர் ஒரு கூடத்துக்கு, காபியும் பிஸ்கட்டும் டை கட்டிய ஓர் அதிகாரியும் இருக்கும் இடத்துக்கு.

நான்தான் முதலில் கை தூக்கினேன். "ஒரு பிள்ளை வகுப்புக்கு வர்றதை நிறுத்திட்டா, எத்தனையாவது நாள் தேடுவீங்க?"

"அருமையான கேள்வி. இங்க பதினோரு மாணவருக்கு ஒரு பேராசிரியர்ங்கிற விகிதத்துல..."

"விகிதம் கேக்கல. நாள் கேட்டேன்."

யாரோ இருமினார்கள். பின்வரிசையில் ஓர் அப்பா கால்பந்து அணியைப் பற்றிக் கேட்டார். டை கட்டியவர் நிம்மதியாக அந்தப் பக்கம் திரும்பினார். நான் எழுந்து வெளியே வந்தேன்.

நடையில் ஒரு கதவு திறந்தது. நரைத்த முடியோடு ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார். என் அங்கியைப் பார்த்தார், சாவிக்கொத்தைப் பார்த்தார்.

"அப்பாடா, வந்துட்டீங்களா! காலையிலேயே போன் பண்ணினேன். ரூமைச் சூடாக்குற ரேடியேட்டர் போடுற சத்தத்துல பேசவே முடியல. உள்ள வாங்க."

நான் அந்த ஆள் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் டங் டங் என்ற அந்தச் சத்தம் எனக்கு வெளியிலேயே கேட்டது. அதை விட்டுவிட்டுப் போக என்னால் முடியாது. உள்ளே போனேன்.

அது வகுப்பறை, அந்த அம்மாள்தான் பேராசிரியர். ஒரு மேசையைச் சுற்றி எட்டு மாணவர்கள். ஒன்பதாவதாக பெட்ரா. என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். அவள் நோட்டுப் புத்தகத்துக்குள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சரி என்று வேலையைப் பார்த்தேன். ரேடியேட்டர் தப்பான பக்கம் சாய்ந்து, உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. இரண்டு பையன்களைத் தூக்கச் சொல்லி, கையிலிருந்த கல்லூரியின் வழவழப்பான விளம்பரப் புத்தகத்தை நாலாக மடித்துக் காலுக்கடியில் சொருகினேன்.

அதற்குள் அந்த அம்மாள் மேசையைச் சுற்றிப் பார்த்தார். "ஆன்செல்ம் எங்கே?"

"காலைச் சாப்பாட்டுக்கும் வரல," என்றாள் ஒரு பெண்.

"மரேன், போய்க் கூட்டிட்டு வா. அதுவரை ஆரம்பிக்க வேணாம்."

பத்து நிமிஷத்தில் மரேனுக்குப் பின்னால் ஒருவன் வந்தான். ஷூ இல்லாமல் காலுறை மட்டும், தோளில் போர்வை. "இது காலேஜா, ஜெயிலா?"

"ரெண்டும்தான். உக்காரு. சாப்பிட்டியா?"

சத்தம் நின்றிருந்தது. "இது ஒரு வாரம் தாங்கும். அப்புறம் மரத்துண்டு வைக்கச் சொல்லுங்க," என்றேன். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்து நன்றி சொன்னார். நான் காருக்குப் போனேன்.

ஒரு மணி நேரம் கழித்து பெட்ரா வந்து கதவை அறைந்து சாத்தினாள்.

"எனக்கு இந்த இடம் வேணாம்."

"ஏன்?"

"உன்னைப் பாத்ததும் வேலைக்காரின்னு நினைச்சாங்க. அவங்ககிட்ட நான் படிக்கணுமா? நீ ஏன் என் அம்மான்னு சொல்லல?"

"நீயும்தான் சொல்லல."

நான் நிறுத்தவில்லை.

"ரேடியேட்டர் கெட்டுப் போச்சுன்னாங்க. சரி பண்ணினேன். நன்றி சொன்னாங்க. இதுல எனக்கு என்ன அவமானம்? குனிஞ்சது நீ. அதுக்கு அவங்க மேல பழி போடாதே. வேணாம்னா வேணாம், வேற காரணம் சொல்லு."

கார்க் கதவைத் திறந்து இறங்கினாள். புல்வெளியில் ஓடவில்லை, விறுவிறுவென்று நடந்து அந்தக் கட்டிடத்துக்குள்ளேயே போனாள். நான் படித்த இடத்தில் எந்தப் பேராசிரியரின் அறை எங்கே இருக்கிறதென்றும் எனக்குத் தெரிந்ததில்லை.

கால் மணி நேரம் கழித்து வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"அவங்ககிட்ட சொல்லிட்டேன். ரேடியேட்டரைச் சரி பண்ணினது என் அம்மான்னு."

"என்ன சொன்னாங்க?"

"முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. கூட்டிட்டு வா, மன்னிப்பு கேக்கணும்னாங்க. அம்மா தூங்கணும், தொந்தரவு பண்ணாதீங்கன்னேன்."

"சரியாச் சொன்னே."

"நீ ஏன் அப்ப தலையைக் குனிஞ்சுகிட்டேன்னு கேட்டாங்கம்மா. பாத்திருக்காங்க." சாவியைத் திருகினாள். "இங்க எதையும் மறைக்க முடியாதும்மா. எனக்குப் பிடிக்கல."

"அப்போ?"

"இருந்தாலும் இங்கேயே சேர்றேன். நீ என்ன சொல்ற?"

"முதல் நாளே தேடுறாங்க. போ."

நெடுஞ்சாலை ஏறியதும் அவளே டுவேனைக் கூப்பிட்டாள். "மாமா, சோளக்காட்டுக்குத்தான் போறேன். சிரிக்கணும்னா இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க. அம்மா தூங்கணும்."

அவன் ஏதோ ஆரம்பித்தான். அவள் போனை வைத்துவிட்டாள். நான் சீட்டைப் பின்னால் சாய்த்தேன்.