பச்சைச் சதுரங்கள்

போர் முடிந்து இரண்டு வருடங்கள். மன்னார் பஸ் நிலையத்துக்கு அருகே அன்ரோனெற் நடத்திய வீடியோக் கடைக்கு ஓய்வே இல்லை. முகாம்களிலிருந்து ஊர் திரும்பியவர்கள், தள்ளிப்போட்ட கலியாணங்களை அடுத்தடுத்துச் செய்துகொண்டிருந்தார்கள். தம்பி ஜெனோஜன் படம் பிடிப்பான். அவள் கம்பியூட்டரில் வெட்டி ஒட்டி டிவிடியாக்குவாள்.

தில்லைநாதனின் இளைய மகளுடைய கலியாணத்தில்தான் சிக்கல் வந்தது. மன்னார்த் தீவுக்கு வெளியே, பெருநிலத்தில் வயல் செய்யும் அவர், ஒரு சடங்கையும் வெட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார். கலியாணத்துக்கு வர முடியாத மூத்த மகள் இந்தியாவில், மண்டபம் அகதி முகாமில் இருந்தாள். வெள்ளிக்கிழமை அங்கே போகும் ஒருவரிடம் கொடுத்தனுப்ப, வியாழனே டிவிடி கையில் வேண்டும். அவ்வளவு நீள வீடியோவைக் கம்பியூட்டர் இடையில் நிறுத்தாமல் முடித்துத்தரப் பதினொரு மணித்தியாலம் பிடிக்கும். கட்டடச் சொந்தக்காரரோ காலை எட்டுக்குப் போடும் மெயின் சுவிட்சை மாலை ஆறுக்கு இறக்கிவிடுவார்.

ப்ரோசசரின் வேகத்தைக் கூட்டினால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது. கம்பியூட்டரின் அமைப்புத் திரைக்குள் போய், இருநூறு என்றிருந்த அடிப்படை வேகத்தை இருநூற்று நாற்பதாக்கினாள். வேலை பறந்தது. நாற்பதாவது நிமிடம் திரை நீலமாகி எல்லாம் நின்றுபோனது.

"அக்கா, பழைய வேகத்திலேயே விடுங்கோ. ப்ரோசசர் தாங்காது" என்றான் ஜெனோஜன்.

"தாங்காதெண்டு உனக்கு ஆர் சொன்னது? பொறு, பாப்பம்."

மூடியைக் கழற்றித் தூசி தட்டினாள். ப்ரோசசருக்கு மேலே சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகப் பூசினாள். வெப்பம் அறுபதைத் தாண்டவில்லை. ஆனாலும் நின்றது. மின்னழுத்தத்தை ஒரு படி ஏற்றினாள், அப்போதும் நின்றது. ஒருமுறை தாலி கட்டும் இடத்தில், இன்னொருமுறை பந்தியில், மற்றொருமுறை தொடங்கிப் பத்தே நிமிடத்தில். சூடுதான் காரணமென்றால் சூடேற முன்னமே ஏன் நிற்க வேண்டும்? வியாழனுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு இப்போது டிவிடியைவிட இந்தக் கேள்விதான் பெரிதாக இருந்தது.

அரைகுறையாக முடிந்திருந்த துண்டைப் போட்டுப் பார்த்தாள். மணப்பெண்ணின் கன்னத்தில் பச்சைப் பச்சையாகச் சின்னச் சதுரங்கள். ஜெனோஜன் எடுத்த மூலப் படத்தில் அவை இல்லை.

"தம்பி, இஞ்ச பார். ப்ரோசசர் களைச்சதெண்டால் அப்பிடியே விழுந்திட வேணும். இது விழ முன்னமே படத்தை மாறி எழுதியிருக்கு. ப்ரோசசரில்லை, மெமரியாயிருக்குமோ?"

மெமரியைச் சோதிக்கும் சிடி ஒன்று அவளிடம் இருந்தது. பழைய வேகத்தில் போட்டாள். ஒரு பிழையும் இல்லை. கூட்டிய வேகத்தில் போட்டாள். சிவப்பு வரிகள் மளமளவென்று இறங்கின.

அமைப்புத் திரையைத் திரும்பத் திறந்து வரி வரியாக வாசித்தாள். மெமரியின் வேகம் தொள்ளாயிரத்து அறுபது என்றிருந்தது. அது எண்ணூறுக்குச் செய்யப்பட்ட மெமரி; அவள் அதைத் தொடவேயில்லை. இரண்டும் ஒரே அடிப்படை வேகத்திலிருந்து கணக்கிடப்படுவதால், ப்ரோசசரைத் தள்ளியபோது மெமரியும் கூடவே ஓடியிருக்கிறது! மெமரிக்கு மட்டும் ஒரு படி குறைந்த அமைப்பைத் தெரிவுசெய்தாள். திரை எண்ணூறு காட்டியது. சோதனையில் ஒரு சிவப்பு வரியும் வரவில்லை.

வியாழன் காலை எட்டு மணிக்குத் தொடங்கிய வேலை ஐந்து பத்துக்கு முடிந்தது. டிவிடி எழுதி முடியும்வரை தில்லைநாதன் கதிரையில் காத்திருந்தார்.

"என்ன பிள்ளை கரைச்சல் எண்டு தம்பி சொன்னார்?"

அவள் நடந்ததைச் சொன்னாள்.

"அப்ப பழி சுமந்தது ஒண்டு, பிழை விட்டது வேறொண்டு."

"அதிலயும் பிழையில்லை ஐயா. நான்தான் தெரியாமல் அதையும் சேத்து ஓடவிட்டனான்."

அவர் டிவிடியைக் கையில் வாங்கிக்கொண்டு, கம்பியூட்டரில் தொடக்கத்தை மட்டும் பார்க்கவேண்டும் என்றார். பார்க்கத் தொடங்கியவர் எழும்பவில்லை. ஆறு மணிக்குக் கரன்ட் போனபிறகுதான் டிவிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடினார்.

மறுநாள் காலை, ஜெனோஜன் வரமுன்னமே அன்ரோனெற் அமைப்புத் திரையைத் திறந்து, இருநூற்று நாற்பதை இருநூற்று ஐம்பதாக்கினாள்.