சீரியஸ் என்று சொல்லியிருக்கிறது

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் நடத்தும் டிராவல்ஸில் போன நோன்புப் பெருநாளிலிருந்து ஒரு ஏஐ வேலை பார்க்கிறது. வைத்தவன், என்னை லாத்தா என்று கூப்பிடும் என் தம்பி அஃப்ரீத். நான் அதை மிஷின் என்றுதான் சொல்வேன். வாட்ஸப்பில் யார் என்ன கேட்டாலும் பதில் போடும். குரல் செய்தி அனுப்பினால் கேட்டுப் புரிந்துகொள்ளும். பாஸ்போர்ட் படத்தைப் பார்த்துப் பெயரைப் பிழையில்லாமல் ஏற்றும். நான் அதைத் திட்டாத நாள் கிடையாது. வருகிறவர்களிடம் ஒரு சிரிப்பு, ஊர்க்கதை எதுவும் இல்லாமல் என்ன யாவாரம்? ஆனால் அது லீவு கேட்பதில்லை, என்னிடம் முறைப்பதும் இல்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஒரு நாள் காலையில் கடை திறந்த கையோடு பரளச்சியிலிருந்து நாகஜோதியின் குரல் செய்தி வந்தது. அவள் தம்பி மருதுபாண்டி துபாயில் வெல்டர். அவனை முதன்முதலில் விமானம் ஏற்றிவிட்டதே நான்தான்.

"அக்கா, அப்பா விடியக்காலம் தவறிட்டாக. தம்பிட்ட சொல்லல. சீரியஸ்னு மட்டும் சொல்லியிருக்கு. ஒத்தையில கெடக்கான், தாங்க மாட்டான். கொள்ளி வைக்க அவென் வந்தாகணும். ஐஸ் பெட்டிக்குச் சொல்லியாச்சு. நீங்களும் வாயத் தெறந்துறாதீக."

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். பரளச்சியானாலும் சரி, நான் பிறந்த வீரசோழனானாலும் சரி, வெளிநாட்டில் இருக்கிறவனுக்குச் சாவுச் செய்தி போகாது. 'சீரியஸ்' என்றுதான் போகும். தெருவில் போட்டிருக்கும் பந்தலைப் பார்த்துத்தான் அவன் தெரிந்துகொள்வான். முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே அவன் தனியாக அழக்கூடாது என்று ஊரே சேர்ந்து சொல்லும் பொய் அது. அதைக் காப்பாற்றுவதில் டிக்கெட் போடுகிறவளுக்கும் பங்கு உண்டு. சொல்ல மாட்டேன் என்று நாகஜோதிக்குப் பதில் அனுப்பினேன்.

அதற்குள் மிஷின் வேலையில் இறங்கிவிட்டது. டிக்கெட் கேட்டு எழுதியிருந்த மருதுவிடம் பாஸ்போர்ட் படத்தை வாங்கி, நேர் விமானத்தில் இடமில்லை என்று பார்த்து, கொழும்பு வழியாக மதுரைக்கு அன்றைக்கே கிளம்பும் விமானத்தில் ஒரு சீட்டைப் பிடித்துவிட்டது. நான் டீ கிளாஸைக் கீழே வைக்கவில்லை, டிக்கெட் வந்துவிட்டது. நானாக இருந்தால் சென்னைக்கு நாலு பேருக்குப் போன் போட்டுக் கெஞ்சியிருப்பேன், அந்த சீட்டும் கைவிட்டுப் போயிருக்கும். எனக்கு அதன் மேல் மரியாதையே வந்தது.

அந்த மரியாதை ரொம்ப நேரம் நிற்கவில்லை. ஸ்கிரீனில் மருதுவின் செய்தி ஒன்று கிடந்தது. "எங்க அப்பா உசுரோட இருக்காகளா? உண்மையச் சொல்லு."

மிஷின் அதற்கும் பதில் போட்டிருந்தது. "மன்னிக்கவும். இதுபற்றி என்னால் சொல்ல இயலாது. தயவுசெய்து எங்கள் அலுவலகத்தில் பேசவும்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "ஏலே அஃப்ரீத்! என்னத்தலே இதுல எழுதி வச்சிருக்க?"

அவன் வந்து எட்டிப் பார்த்தான். "சரியாத்தான லாத்தா சொல்லியிருக்கு? பொய் சொல்லக் கூடாது. ஒரு கஸ்டமர் சொன்னத இன்னொரு கஸ்டமர்ட்ட சொல்லக் கூடாது. அப்படித்தான் வச்சிருக்கேன்."

"உசுரோட இருந்தா இருக்காகன்னு சொல்லிட்டுப் போகும். சொல்ல முடியாதுன்னா என்னலே அர்த்தம்? ஊருக்கே தெரியுமே! இதுக்கு ஒப்பாரியே வச்சிருக்கலாம்."

அவன் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. துபாய் நம்பர்.

"அக்கா, நான் மருது பேசுறேன். எங்கக்காட்ட கேட்டேன், சீரியஸ்ங்குது. மாமாட்ட கேட்டேன், அவுகளும் சீரியஸ்ங்குறாக. மனுசங்க மறைப்பாக, மிஷினு மறைக்காதுன்னு அதுட்ட கேட்டேன். அதுவும் ஒங்ககிட்ட கேக்கச் சொல்லுது."

"தம்பி, மொதல்ல நீ கெளம்பு. டிக்கெட்டு வந்திருச்சுல்ல..."

"அக்கா, நான் அப்பாட்ட பேசி தீவாளியோட சரி. கரிசக்காட்ட சோலார் கம்பெனிக்குக் குடுத்துருவோம்னேன். அவுக கோவத்துல போன வச்சுட்டாக. நானும் வீம்புக்குப் பேசல. உசுரு இருந்தா போனக் காதுல வைக்கச் சொல்லி ஒரு வார்த்த பேசிட்டு ஏறுவேன். டாக்டரு விடலைங்குது எங்கக்கா. நெசமாவே விடலையா?"

சீரியஸ் என்று சொன்னால் நாகஜோதிக்குக் கொடுத்த வாக்கு நிற்கும். ஆனால் விமானக் கதவைச் சாத்தும் வரை, டாக்டர் இப்போது விடுவார், இப்போது விடுவார் என்று இவன் போனையே பார்த்துக்கொண்டிருப்பான். நம்பிக்கொள்ள நினைக்கிறவனுக்கு அந்தப் பொய் நல்லது. வாய்விட்டுக் கேட்டுவிட்டவனுக்கு அது கொடுமை. அஃப்ரீத் கையை ஆட்டிச் சொல்லாதே என்றான். பொய்யே கூடாது என்று இப்போதுதான் எனக்குப் பாடம் எடுத்தவன்!

"மருது, ஒம் பக்கத்துல யாரு இருக்கா?"

"ரூம்ல ஹபீப் ரகுமான் அண்ணன் இருக்காரு. ஒங்க ஊர்க்காரருதான்."

"அவர ஒம் பக்கத்துல உக்காரச் சொல்லு. போன ஸ்பீக்கர்ல போடு."

"போட்டுட்டேன்" என்றபோதே அவன் குரல் உடைந்துவிட்டது.

"அப்பா விடியக்காலமே போயிட்டாகப்பா."

ஹபீப்தான் பேசினார். "நான் பாத்துக்கிறேம்மா. ஏர்போர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போறேன்." பின்னால் மருது அழுவது கேட்டது. நானும் அழுதேன். அஃப்ரீத் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். "இனிமே சீரியஸ்னு ஒரு செய்தி வந்தா அந்த ஆளு கேக்குறதெல்லாம் நேரா ஒனக்கு வர்ற மாதிரி மாத்திருறேன் லாத்தா" என்றான். டிக்கெட்டை அதுவே போடட்டும் என்றேன்.

கொஞ்சம் அடங்கியதும் மருது கேட்டான். "அக்கா, இப்பவும் போனக் காதுல வைக்கச் சொல்றீகளா?"

அவனை லைனில் இருக்கச் சொல்லிவிட்டு நாகஜோதியைக் கூப்பிட்டேன். சொல்லிவிட்டேன் என்றதும் பிடித்துக்கொண்டாள். "ஒங்கள நம்புனேனே! வழியில அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?" திட்டட்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவள் பயம் பொய்யில்லை.

"ஏர்போர்ட்டு வரைக்கும் கூட ஆளு போகுது. கொழும்புலயும் நானே பேசிக்கிட்டு இருப்பேன். அப்பாட்ட ஒரு வார்த்த பேசணுங்கான். போன அவுக காதுல வையி நாகு."

"பெட்டிய மூடிட்டாகளே அக்கா."

"தெறக்கச் சொல்லு."

இரண்டு லைனையும் சேர்த்தேன். பரளச்சியில் ஒப்பாரி பெரிதாகக் கேட்டது. "செத்த சும்மா இருங்க, தம்பி பேசுறான்" என்றாள் நாகஜோதி. ஒவ்வொரு குரலாக நின்றது. ஐஸ் பெட்டியின் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் மிச்சம் இருந்தது.

"காதுல வச்சுட்டேன். பேசுடா" என்றாள்.

ஹபீப் மருதுவிடம் ஏதோ மெல்லச் சொன்னார்.

"அப்பா, காட்ட யாருக்கும் குடுக்கலப்பா. நான் கெளம்பிட்டேன். வர்ற வரைக்கும் இருங்க."

"இருப்பாகடா" என்றாள் நாகஜோதி. "நீ பதறாம வா."